பட்டனுக்கு ஒரு தனி ஆள்

அன்னைக்கு எனக்கு ஒரே வேலைதான். பெரம்பலூர்ல ஜமால் பாயோட பிரஸ்ஸுக்குப் போய், நான் எழுதின புரோகிராமை ஓட்டிக் காட்டணும்.

பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர். துபாய்லேர்ந்து திரும்பினப்ப ஒரு மேக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து, கல்யாணப் பத்திரிகை அடிச்சிட்டிருந்தார். பேரை டைப் பண்ணிட்டு ஒரு பட்டனைத் தட்டினா பத்திரிகை பிரிண்ட் ஆகணும். ஆச்சுன்னா எனக்கு அங்கேயே வேலை. ஆகலன்னா திங்கக்கிழமை அரியலூர் சிமெண்ட் ஆலையில மூட்டை எண்ணப் போகணும். அப்பா சொல்லி வெச்சுட்டார்.

ஆப்ஜெக்டிவ்-சிங்கற கம்ப்யூட்டர் பாஷை நான் புத்தகம் பார்த்துப் படிச்சது. பட்டனைத் தட்டினா செய்யவேண்டிய வேலைக்குத் தனியா ஒரு ஆப்ஜெக்ட், அதாவது வேலையாள் மாதிரி ஒண்ணு, வெச்சுக்கணும்னு அதுல போட்டிருந்தது. பட்டனுக்கு ஒண்ணும் தெரியாது. தட்டினா அந்த ஆளைக் கூப்பிடும், அவ்வளவுதான்.

வெச்சேன். மெமரி வீணாகக் கூடாதேன்னு, ஆளைப் பட்டன்கிட்ட காட்டிவிட்ட அடுத்த வரியிலேயே, அவன் இடத்தைக் காலி பண்ணச் சொல்ற 'ரிலீஸ்'னும் எழுதினேன். எனக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும்.

வரதராஜன்பேட்டை வாத்தியார் ஒருத்தர் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிக்க வந்திருந்தார். பாய் அவரையே முதல் போணி ஆக்கிட்டார்.

பொண்ணு பேரை அடிச்சேன். மாப்பிள்ளை பேரை அடிச்சேன். பட்டனைத் தட்டினேன்.

திரையில இருந்த புரோகிராமே காணாமப் போச்சு.

"முடிஞ்சிருச்சா?"ன்னார் பாய்.

"இப்பதான் ஆரம்பிக்குது பாய்."

மறுபடி பேர், மறுபடி தட்டு, மறுபடி காணோம்.

"நேத்து நல்லா ஓடுச்சு பாய்"ன்னேன். பொய் இல்ல. நேத்து பேரே அடிக்காம வெறும் பட்டனை மட்டும் தட்டிப் பார்த்திருந்தேன்.

மூணாவது தடவையும் போனதும் வாத்தியார் பக்கம் திரும்பினேன். "பொண்ணு பேரு கொஞ்சம் நீளம் சார். சுருக்கிக்கலாமா?"

"ஞானஸ்நானத்துல வெச்ச பேரு தம்பி. நீங்க கம்ப்யூட்டரை மாத்துங்க."

எனக்கு சிமெண்ட் வாசனையே அடிக்க ஆரம்பிச்சிருச்சு.

"இருங்க சார், டீ சாப்பிடலாம்"னு பாய் மேஜை மேல இருந்த பெல்லைத் தட்டினார். யாரும் வரல. நாலு தடவை தட்டினார்.

"பெல்லு ரிப்பேரா பாய்?"ன்னேன்.

"பெல்லு நல்லாத்தான்பா இருக்கு. டீ வாங்கியாற சலீமைக் காலையில நான்தானே வேலையை விட்டு நிறுத்தினேன். மறந்துபோய்த் தட்டிட்டிருக்கேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நானும் அதைத்தானே செஞ்சிருக்கேன். ஆளை வேலைக்கு வெச்சு, அடுத்த வரியிலேயே வூட்டுக்கு அனுப்பிட்டு, பட்டனைத் தட்டிட்டிருக்கேன். பட்டன் யாரையும் புடிச்சு வெச்சுக்காது. நேத்து அந்த ஆள் வாசல் தாண்டாம நின்னிருக்கான், கூப்பிட்டதும் வந்துட்டான். இன்னைக்குப் பேரை அடிச்சதும் அவன் இடத்துல வேற சாமான் வந்து உக்காந்திருச்சு.

ரிலீஸ் வரியைத் தூக்கினேன். பேரை அடிச்சுத் தட்டினேன். பத்திரிகை வந்துச்சு. வாத்தியார் பொண்ணு பேரை எழுத்தெழுத்தாப் பார்த்துட்டு, சரிங்கற மாதிரி தலையாட்டினார்.

"வேலை உண்டா பாய்?"

"உண்டு. திங்கக்கிழமை எதுக்கு, இப்பவே சேந்துக்க."

சந்தோஷத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அடுத்து என்ன புரோகிராம் எழுதணும் பாய்?"

"அதான் எழுதி முடிச்சுட்டியே"ன்னு சொல்லிட்டு, பாய் என்னைப் பார்த்துக்கிட்டே பெல்லை ஒரு தட்டு தட்டினார்.

"மூணு டீ. வாத்தியாருக்குச் சக்கரை இல்லாம."