கிறுகிறு மாஸ்டரின் கால் கட்டைவிரல்

உலகத்தில் கிடார் வாசிப்பவர்கள் இரண்டே வகை. கையால் வாசிப்பவர்கள் ஒரு வகை. கிறுகிறு மாஸ்டர் இன்னொரு வகை.

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு வாசித்தேன். மாஸ்டர் கிடார். அவருடைய சொந்தப் பெயர் எனக்குக் கடைசிவரை தெரியாது. என் கல்யாணப் பத்திரிகையின் உறையில்கூட 'கிறுகிறு மாஸ்டர் அவர்கள்' என்றுதான் எழுதிக் கொடுத்தேன். வாங்கிப் படித்துவிட்டு, "அட்ரஸ் கரெக்ட்டு நைனா" என்றார்.

பெயருக்குக் காரணம் ஒரு சத்தம். பழைய பாட்டுகளில் ஆர்கன் ஒலி நம்மை நெருங்கி, விலகி, மறுபடி நெருங்கி, காதைச் சுற்றி வருமே, அதுதான். பெட்டிக்குள் ஸ்பீக்கரையே மோட்டார் வைத்துச் சுற்றவிட்டு அந்த ஒலியை எடுப்பார்களாம். மாமல்லபுரத்தில் ஒரு ஓட்டலில் வாசித்தபோது ஒரு வெள்ளைக்காரர் இதை அவரிடம் சொல்லித் தொலைத்துவிட்டார். அன்றைக்குப் பிடித்தது பைத்தியம். கிடாரில் அந்தச் சத்தம் வந்தே ஆகவேண்டும்.

முதல் பலி வீட்டு கிரைண்டர். அதன்மேல் ஸ்பீக்கரைக் கட்டி உட்காரவைத்து சுவிட்சைப் போட்டார். நாலே சுற்று. ஒயர் முறுக்கிக்கொண்டு இழுத்ததில் ஆம்ப்ளிஃபயர் மேஜையிலிருந்து குதித்து, ஊறவைத்த அரிசிக்குள் விழுந்தது. அவர் மனைவி வந்து பார்த்தார்.

"தோ பாரு, பாட்டு கேக்க ரேடியோ கீது. மாவு அரைக்க இது ஒண்ணுதான் கீது."

அதன்பிறகு மாஸ்டர் எஃபெக்ட்ஸ் பெடலுக்கு மாறினார். காலால் மிதித்தால் கிடாரின் ஒலியை மாற்றித் தரும் சின்ன டப்பாக்கள் அவை. ஒலியை அலையவிடும் கோரஸ் ஒன்று, சுழலவிடும் ஃபேஸர் ஒன்று. இரண்டையும் கோத்ததும் ஏறக்குறைய அந்தச் சத்தமே வந்துவிட்டது. நாங்கள் கைதட்டினோம். அவர் மட்டும் உதட்டைப் பிதுக்கினார்.

"மோட்டாரு எடுத்தவொடனே ஸ்பீடா ஓடுமா நைனா? மொதல்ல மெதுவா சுத்தும், அப்பால பிக்கப் ஆவும், நிறுத்துனா இளைச்சு இளைச்சு நிக்கும். இது டபக்குனு ஓடுது, டபக்குனு நிக்குது. பேஜாரா கீது."

அதாவது, வாசித்துக்கொண்டே, பெடலில் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகை மெல்லத் திருப்ப வேண்டும். கையோ இரண்டும் கிடாரில். மாஸ்டர் செருப்பைக் கழற்றினார். பழைய ரேடியோவின் பெரிய திருகைப் பெடலில் மாட்டி, அதைச் சுற்றி சைக்கிள் டியூப் ரப்பரைப் போட்டு, கால் கட்டைவிரலால் உருட்டினார். வந்தேவிட்டது!

அன்றிலிருந்து அந்த விரலுக்கு ராஜமரியாதை. தினமும் தேங்காய் எண்ணெய். யாராவது மிதித்துவிடுவார்கள் என்று கூட்டமான பஸ்ஸில் ஏறமாட்டார். செய்யூர்ப் பக்கம் ஒரு திருவிழாவில் மேடைப் படியில் இடித்துக்கொண்டவர், "கையில பட்டிருந்தாகூட சமாளிச்சிருப்பேன்" என்று கண்கலங்கினார். கோயில் மேடைகளில் எல்லோருமே வெறுங்கால். அதனால் ஆறு வருஷம் அவர் பாடு நிம்மதியாகப் போயிற்று.

அப்போதுதான் நான் புதுக் கீபோர்டு வாங்கித் தொலைத்தேன். அதில் ஒரு பொத்தான். அழுத்தினால் அதே சத்தம், மெதுவாகப் புறப்பட்டு, வேகம் பிடித்து, இளைத்து நிற்கும். மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். "கரெக்ட்டா கீது" என்றார். அன்றைக்கு டீயை ஆறவிட்டுக் குடித்தார். எனக்கு அந்தக் கீபோர்டைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிடலாம்போல் இருந்தது.

விஷயம் அரசல்புரசலாகக் குழுவின் ஓனர் காதுக்கும் போயிற்று. முட்டுக்காட்டில் ஒரு ரிசார்ட்டில் ரிசப்ஷன் கச்சேரி. கிளம்பும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"வேன்ல ஒரு ஆளு கொறைக்கணும்பா. மாஸ்டர் சவுண்டு உன் பொட்டிலயே வருதுன்றானுங்க. இன்னிக்கு அவுரு வாசிக்கறத கேட்டுட்டு, வருமா வராதான்னு நீயே சொல்லிடு."

ரிசார்ட்டில் அடுத்த இடி. கோட்டும் ஷூவும் போட்டால்தான் மேடை ஏறலாமாம். வாடகை ஷூவை வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போன மாஸ்டர், கால்மணி நேரம் கழித்து வெளியே வந்தார். வலது ஷூவின் முனையை பிளேடால் அறுத்து, கட்டைவிரலை வெளியே விட்டு, அதற்குக் கறுப்பு பாலிஷ் போட்டிருந்தார்.

"தெரியுதா நைனா?"

"நகம் தெரியுது மாஸ்டர்."

நகத்துக்கும் போட்டார்.

பாட்டின் நடுவே அவர் முறை வந்தது. கறுப்பு விரல் மெல்ல நகர்ந்தது. சத்தம் சோம்பலாகப் புறப்பட்டு, புல்வெளியைச் சுற்றி, வேகமெடுத்துச் சுழன்றது. சாப்பாட்டு வரிசையில் நின்றவர்கள் தட்டோடு திரும்பிப் பார்த்தார்கள். மாப்பிள்ளையின் மாமா மட்டும் மேடை ஓரம் வந்து, "சார், உங்க ஷூவுல இன்னாவோ ஊர்ந்துகினு கீது, பாத்து" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

பாட்டு முடிந்ததும் ஓனர் வந்துவிட்டார். "இன்னாபா, வருமா?"

மாஸ்டர் குனிந்து ஒயரைச் சரிசெய்ய ஆரம்பித்தார். என் பெட்டியில் வரும் என்று அவருக்குத் தெரியும்.

"வராது அண்ணாத்த" என்றேன்.

"நெசமாவா?"

"எல்லா பொத்தானையும் அமுக்கிப் பாத்துட்டேன். இது வரல."

"அப்ப சரி, அவுரும் வரட்டும்" என்று ஓனர் போய்விட்டார். மாஸ்டர் நிமிரவே இல்லை. ஒழுங்காக இருந்த ஒயரை வெகுநேரம் சரிசெய்துகொண்டிருந்தார்.

மறுநாள் அந்தப் பொத்தான்மேல் ஒரு பிளாஸ்திரி ஒட்டினேன். குழு கலைந்து எத்தனையோ வருஷம் ஆகிறது. நான் அதை இன்னும் பிய்க்கவில்லை. அவர் பக்கத்தில் நின்று வாசிக்க எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது.