வீரய்யா கட்டிய பாட்டு

"யார் கட்டின பாட்டு இது?" என்று வீரய்யா பாடி முடித்ததும் வானொலிக்காரர் சிவஞானம் கேட்டார்.

ஆறு மாதமாக அவன் காத்திருந்ததே இந்தக் கேள்விக்குத்தான். தெமோதரைத் தோட்டத்து வீரய்யா இயற்றிப் பாடியது என்று ரேடியோவில் ஒரு தடவை சொன்னால் போதும், பூனாகலையில் தனலெட்சுமி கேட்பாள். அவளை நினைத்துத்தான் பாட்டையே கட்டியிருந்தான். பதுளையில் ஸரூக் நானாவிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கிதாரும் இரவல் வாங்கி வந்திருந்தான். அதில் கம்பி ஒன்று குறைவு, ஆசையில் குறைவில்லை.

ஆனால் சற்றுமுன்தான் சிவஞானம், சொந்தப் பாட்டோடு வந்த இரண்டு பேரை, "எங்களுக்குப் பழைய தோட்டத்துப் பாட்டுதான் வேணும்" என்று திருப்பி அனுப்பியிருந்தார்.

"பரம்பரைப் பாட்டுங்க" என்றான் வீரய்யா. பேர் போனால் போகட்டும், குரலாவது ரேடியோவில் வரட்டும்.

"அப்ப கிதார் எதுக்கு? கீழ வைங்க."

வைத்தான்.

"யார்கிட்ட கேட்டுப் படிச்சீங்க?"

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பிள்ளைக்காம்பராவில்தான் ஒலிப்பதிவு. மற்ற நாட்களில் தேயிலைக் கொழுந்தெடுக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. சேலைத் தொட்டில்களை மேலே சுருட்டிக் கட்டிவிட்டு, ஆயா இராக்கம்மா சாவியோடு வாசலில் நின்றாள். அவன் கண்ணில் பட்டது அவள்தான்.

"இந்தப் பெரியம்மாகிட்டதாங்க."

எப்படியும் தலையாட்டிவிடுவாள் என்று நம்பினான்.

"அப்படின்னா அவங்களே பாடட்டும்" என்று மைக்கை அவள் பக்கம் திருப்பினார் சிவஞானம்.

இராக்கம்மா முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு, கூச்சமே இல்லாமல் பாடினாள்.

"மேமலையில மழ கறுக்குது, எறங்கி வா புள்ள,
கூட நெறையாட்டிப் போகுது, எறங்கி வா புள்ள..."

அவன் பாட்டேதான். ஒரு தடவை கேட்டதுமே பிடித்துக்கொண்டாளே என்று அவன் வியப்பதற்குள், அவன் கட்டாத இரண்டு அடிகளையும் சேர்த்துப் பாடிவிட்டாள். அவை அவனுடையதைவிட நன்றாக இருந்தன. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஐயா, பொய் சொல்லிட்டேங்க! இது நான் கட்டுன பாட்டு!"

சிவஞானம் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க கட்டினதுன்னா, உங்களுக்கே தெரியாத அடி அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

கூடியிருந்தவர்கள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்கள். 'பாடியவர் இராக்கம்மா. இயற்றியவர் பெயர் தெரியவில்லை' என்று எழுதிக்கொண்டு வானொலிக்காரர் காரில் ஏறிப் போய்விட்டார்.

காம்பராவில் இருவர் மட்டும் மிஞ்சினார்கள். வீரய்யாவுக்குக் கோபத்தைவிட அழுகைதான் முட்டிக்கொண்டு வந்தது.

"எதுக்குப் பெரியம்மா இப்படிப் பண்ணுனீங்க? என் பாட்டுல ரெண்டு அடிய நீங்களா சேர்த்து, என்னையப் பொய்க்காரனாக்கிட்டீங்களே!"

இராக்கம்மா மறுநாளைக்காக ஒரு தொட்டிலை அவிழ்த்து உதறித் தொங்கவிட்டாள்.

"நான் எங்கடா சேர்த்தேன்? ஒங்காத்தா மலைய விட்டு எறங்குற வரைக்கும் நீ வீல்வீல்னு கத்துவ ராசா. ஒன்னைய அமத்தத்தான் இந்தத் தொட்டிய ஆட்டிக்கிட்டே நான் அதக் கட்டுனேன். கடைசி ரெண்டு அடி வர்றதுக்குள்ள நீ தூங்கிருவ."