கொங்கோக் கரையில் முதலடி வைத்த படலம்

வாழிய ஒபதியா கிரிம்ஸ்! அட்லாண்டிக் பெருங்கடலின் அலைமுதுகில் மூன்று வாரம் குமட்டியும் குனியாத கொள்கைக் குன்றே, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அரும்பெருந் தூதனே, கருங்குடை தாங்கிய கைத்தலத்தோய், நின் புகழ் பாடப் புகுந்தேன். கொங்கோ மாநதியே, நின் கொசுப்படையைச் சற்றே விலக்கி என் நாவிற்குத் துணை நிற்பாயாக!

அவனை எதிர்த்து நின்றவன் யாரெனின், லிஸ்பன் மாநகர்த் திலகம், பன்னெடுங்காலத்துக்கு முன் தன் நாட்டு மாலுமி ஒருவன் இவ்வாற்றின் வாயை எட்டிப் பார்த்துவிட்டுப் போன ஒரே காரணத்தால் ஆறு முழுவதும் தன் பாட்டன் சொத்தென்று நம்பிய மீசைப்பெருமகன், தோம் பெல்ஷியோர். இருவர் கப்பலும் ஒரே காலையில் வந்து, சேற்றுக்கு அஞ்சித் தள்ளியே நங்கூரமிட்டன.

கரையில் பனையடியில், அத்துறைக்கு உடையவளான மா ன்ஸோனா புகைக்குழாயும் கையுமாக அமர்ந்திருந்தாள். முதலில் கரையேறுகிறவன் பேச்சையே முதலில் கேட்பது அவள் துறை வழக்கம். முதலில் பேசியவன் அவள் கைந்நாட்டை வாங்கிவிட்டால் துறை அவன் கொடிக்கு. துறை கிடைத்தவனுக்கு ஆறு. ஆறு கிடைத்தவனுக்கு ஆப்பிரிக்காவின் அடிவயிறு! ஆதலின், பளபளக்கும் காலணி நனையாமல் அம்முதலடியை வைக்கும் பொருட்டு, வீரர் இருவரும் மீனவர் தோளேறினர். கிரிம்ஸைச் சுமந்தவன் தாத்தி. பெல்ஷியோரைச் சுமந்தவன் தாத்தியின் மனைவிக்கு அண்ணன் மக்கோஸோ.

எழுந்தது போர். சேறு சீறிற்று, நண்டு பதறிற்று, நாரை பறந்தது. மதயானை இரண்டு மோதினாற்போல் தோளும் தோளும் இடிபட, ‘விரை, விரை’ என மேலிருந்தோர் முழங்க, கீழிருந்தோர் முழங்கால் அளவு சேற்றில் நின்று மூச்சு வாங்கினர்.

“மாப்ளே, உன் ஆளு எப்படி? என் ஆளுக்கு மீசை மட்டுமே ஒரு மூட்டை கனம் இருக்கும்டா” என்றான் மக்கோஸோ.

“என் ஆளு காதைப் பிடிச்சுத் திருப்புறாரு மச்சான், என்னைப் படகுன்னு நெனச்சுட்டாரு.”

“இவங்கள்ல யாரு ஜெயிச்சா நமக்கு என்னடா?”

“யாரோ ஜெயிச்சுட்டுப் போகட்டும். நாளைக்கு நான் இங்க வலை போடணும். வீட்ல உன் தங்கச்சி ரெண்டு நாளா வெறும் மரவள்ளியைத் தின்னுட்டு என்னை மொறைச்சுக்கிட்டு இருக்கா.”

அவ்வேளை கிரிம்ஸ் தன் கருங்குடையை நீட்டிக் கரையைக் குத்தினான்.

“குடை குடியரசின் உடைமை! குடை தொட்டதால் குடியரசு தொட்டது!”

கேட்டான் பெல்ஷியோர், கொதித்தான், இறகு சூடிய தன் தொப்பியைக் கழற்றிக் கரைமேல் வீசினான். அதை ஓர் ஆடு மோந்தது, கவ்வியது, புதருக்குள் இழுத்துக்கொண்டு ஓடியது.

“காண்மின்! போர்ச்சுகல் உள்நாடு வரை முன்னேறிவிட்டது!”

இதைப் பொறுக்குமா அமெரிக்க நெஞ்சம்? பாய்ந்து பற்றினான் மீசையை. அவன் பற்றினான் இவன் கழுத்துப்பட்டையை. மலையிரண்டு சரிந்தாற்போல் தூதர் இருவரும் சேற்றில் குப்புற விழுந்தனர். தன் மூக்கே முதலில் மண் தொட்டதென்று இருவரும் ஒருங்கே முழங்கி, மா ன்ஸோனாவை நடுவராக அழைத்தனர்.

அவள் புகையை ஊதிவிட்டு, “ரெண்டு பேரும் சேத்துலதாம்ப்பா கிடக்கீங்க. கரை இன்னும் ஒரு முழம் தள்ளி இருக்கு” என்றாள்.

மீண்டும் அவர் தவழத் தொடங்கிய அந்தப் பொல்லாத நொடியில், ஊதிக்கொண்டு வந்தது மூன்றாவதாக ஒரு நீராவிப் படகு. அதிலிருந்து இறங்காமலே ஒருவன் அறிவித்தான்: ஐரோப்பாவில், இவ்வாற்றின் ஒரு துளியும் தெறிக்காத நீண்ட மேசையொன்றில், பெருமக்கள் கூடி இக்கரையை வேறோர் அரசனுக்குக் கொடுத்து முடித்தாயிற்று, ஆயினும் ஆறு இனி எல்லா நாட்டுக் கப்பலுக்கும் பொது!

சேறு பூசிய வீரர் இருவரும் எழுந்தனர், தழுவினர், ‘வாழ்க தடையிலா நீர்வழி! வாழ்க மானுட சுதந்திரம்!’ என்று விண்ணதிர முழங்கிக் கள் அருந்தினர். மா ன்ஸோனாவிடம் எவரும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அதை நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது.

“எல்லாருக்கும் பொதுவாம் மச்சான். அப்ப நமக்கும்தானே?” என்றான் தாத்தி, தோளை நீவிக்கொண்டே.

மறுநாள் காலையில் அவன் வலையை எடுத்துக்கொண்டு போனபோது, துப்பாக்கியோடு நின்ற ஒருவன், இங்கே மீன் பிடிக்கக் கூடாது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டான்.