குளியலறைக் கேஸ்

கேஸ் என்ற சொல்லுக்கு நம்மவர்கள் வாயில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று எரியும், மற்றொன்று கோர்ட்டுக்குப் போகும். இரண்டு பொருள் உள்ள எந்தச் சொல்லும் என்னிடம் வரும்போது இரண்டையும் சுமந்துகொண்டுதான் வரும். அது என் ராசி.

அப்போது நான் பினாங்குத் துறைமுகத்தில் ஒரு கப்பல் கம்பெனியில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. வீடு சுங்கை பினாங்கில், ஒட்டி ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. பின்பக்கத்தில் குளியலறை, அதற்குள்ளேயே வெந்நீர் அடுப்பு. விறகை மூட்டினால் புகை வெளியே போக வழியில்லாமல் வீட்டுக்குள் வந்து எங்களோடு குடியிருக்கும்.

எங்கள் முதல் பிள்ளை அந்த வீட்டில்தான் பிறந்தான். தாய்க்கு வெந்நீர், பிள்ளைக்கு வெந்நீர் என்று நாளெல்லாம் அடுப்பு எரிந்தது. மழைக்காலம், ஜன்னலைத் திறக்க முடியாது. பிள்ளைக்கு நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. எங்கள் முகத்தை அடையாளம் கண்டு சிரிக்கப் பழகுவதற்குள் போய்விட்டான். டாக்டர் புகையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. என் மனைவி செசிலி சொன்னாள், ஒரே ஒருமுறை. அதற்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

மறுபடி வயிற்றில் பிள்ளை உண்டாகி மாதம் ஏறியபோது ஒருநாள் சாப்பாடு போட்டுக்கொண்டே சொன்னாள்.

“இந்தப் புகையில இன்னொரு புள்ளைய நான் கொண்டாந்து போட மாட்டேன். அப்பா வந்தா அவரோட போயிருவேன்.”

“எப்ப திரும்பி வருவ?”

அவள் ரசத்தை ஊற்றினாள். அவள் அப்பா புக்கிட் மெர்தாஜாமில் ரயில்வே வேலையில் இருந்தார். படகும் ரயிலும் பிடித்தால் போய்ச் சேர்ந்துவிடும் ஊர்தான். ஆனால் அன்று அவள் முகத்தைப் பார்த்தபோது அது எனக்குக் கடல் தாண்டிய ஊராகத் தெரிந்தது.

அந்தச் சமயத்தில் ஊருக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரத் துவானின் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டார்கள். அதில் ஒரு கேஸ் உலை இருந்தது. கொல்லையில் ஒரு பீப்பாய் நிற்கும். அதில் கார்பைடு கட்டியைப் போட்டுத் தண்ணீரைச் சொட்டவிட்டால் வாயு கிளம்பும், குழாய் வழியே குளியலறைக்கு வரும், செப்பு அண்டாவின் அடியில் எரியும். வெந்நீர் உண்டு, விறகுப் புகை கிடையாது. அதற்காகவே அதை வாங்கினேன். (செப்பு அண்டா பளபளவென்று இருந்ததும் ஒரு காரணம். அதைச் செசிலியிடம் சொல்லவில்லை.)

பக்கத்தில் சோற்றுக்கடை வைத்திருந்த காதர் அண்ணனிடம் என் கவலையைச் சொன்னேன்.

“கேஸ் விஷயம், ரொம்ப எச்சரிக்கையா இருக்கணும் அண்ணே. கொஞ்சம் பிசகினாலும் குடும்பமே போயிரும்.”

“அல்லா காப்பாத்துவான் தம்பி. யார்கிட்டயும் சொல்லாதீங்கலா” என்றார். அவர் ஏன் குரலைத் தாழ்த்தினார் என்று நான் யோசிக்கவில்லை. ஆடு வாங்க புக்கிட் மெர்தாஜாம் போன அண்ணன், யார்கிட்டயும் சொல்லாமல் என் மாமனாரிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தார்.

சோதனை நாள் வந்தது. காலையிலிருந்து மழை. பீப்பாயின் மேல் ஒரு தகரத் தட்டில் ஆங்கிலத்தில் விதிகள் அச்சடித்திருந்தார்கள். நான் அவற்றை ஜெபம்போல மனப்பாடம் செய்திருந்தேன். முதலில் கார்பைடு போட்டுத் தண்ணீரைச் சொட்டவிட்டேன். அழுகிய பூண்டு நாற்றம் வந்தது. சரியான நாற்றம்தான் என்று தட்டு சொன்னது. அடுத்தது, குழாயின் மூட்டுகளில் சோப்பு நுரை தடவ வேண்டும், குமிழி வந்தால் கசிவு. தடவினேன். ஒரு குமிழிகூட இல்லை. செசிலியைக் கூப்பிட்டுக் காட்டினேன். “பாத்தியா, ஒரு பொட்டுக் கசிவு இல்ல” என்றேன். அவள் நுரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே போய்விட்டாள்.

குமிழி எப்படி வரும்? குழாய்க்கு வாயு விடும் பீப்பாயின் திருகை நான் இன்னும் திறக்கவே இல்லை. வாயு இல்லாத குழாய்க்குத்தான் நற்சான்றிதழ் கொடுத்திருந்தேன்.

பிறகு திருகைத் திறந்தேன். தீக்குச்சி மழை ஈரத்தில் பற்றவில்லை. சாரல் அடித்ததால் குளியலறை ஜன்னலைச் சாத்தினேன். (தட்டில் கொட்டை எழுத்தில் இருந்த முதல் விதி, ஜன்னலைத் திறந்து வை என்பது.) திருகைத் திறந்தபடியே விட்டுவிட்டு, காய்ந்த தீப்பெட்டி எடுக்க முன்னறைக்குப் போனேன். வாசலில் மாமனார் நின்றார். தொப்பலாக நனைந்திருந்தார். வாயில் சுருட்டு மட்டும் எப்படியோ நனையாமல் எரிந்துகொண்டிருந்தது.

“மாப்பிள்ள, கேஸ் எந்த நெலமையில இருக்கு?”

செய்தி அதற்குள் அங்கே போய்விட்டதே என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட வந்தது. “எல்லாம் தயார் மாமா. இன்னிக்குத் தெரிஞ்சிரும்.”

“இன்னிக்கேவா? வக்கீல் யாரு?”

“வக்கீல் எதுக்கு? நானே பாத்துக்கிறேன். எல்லாம் தட்டுல எழுதியிருக்கு.”

மாமா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “செசிலிய இன்னிக்கே கூட்டிட்டுப் போறேன். மொதல்ல காலக் கழுவிட்டு வந்துர்றேன்” என்று சேற்றுக் காலோடு பின்பக்கம் நடந்தார்.

மகளைக் கூட்டிப்போகிறேன் என்ற பேச்சிலேயே நான் நின்றுவிட்டேன். அவர் வாயில் எரிந்த சுருட்டின் நினைப்பு என் மண்டைக்குள் ஏறியபோது மாமா குளியலறைக் கதவைத் திறந்திருந்தார். “மாமா” என்று கத்தினேன். அதற்குமேல் சத்தத்தை அந்த அறையே பார்த்துக்கொண்டது.

ஓடினேன். கதவு கொல்லையில் கிடந்தது. கூரைத் தகரம் பாதி பிய்ந்து மழை நேராக உள்ளே பெய்தது. அந்த மழைதான் நெருப்பையும் அணைத்தது. பீப்பாயின் திருகை எப்படியோ மூடினேன். மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உயிருக்கு ஒன்றுமில்லை. மீசை இல்லை, புருவம் இல்லை. சுருட்டின் அடிக்கட்டை மட்டும் உதட்டில் இருந்தது.

செசிலி வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். எனக்கு மாமாவெல்லாம் மறந்துவிட்டது. இந்தப் பிள்ளையையும் நானே கொன்றுவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

மாமா மெல்ல வாயைத் திறந்தார். “மாப்பிள்ள, இதுதான் அந்தக் கேஸா?”

செசிலி அப்பாவைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள். “தள்ளுபடிப்பா” என்றாள்.

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு எங்கே அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. முதல் பிள்ளையை அடக்கம் செய்த அன்று அழாத அழுகை அது. நானும் அந்த மழையில் நின்று அழுதேன்.

அழுதாலும் அவள் போய்விட்டாள். மறுநாள் படகுத்துறையில் நின்று கையசைத்தேன். மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார், அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

குளியலறை இல்லாத வீட்டில் தனியாக இருந்தேன். குளிக்க வெந்நீர் வேண்டுமே என்று கொல்லையில் மூன்று கல்லை வைத்து, பிய்ந்த தகரத்தை மேலே சாய்த்து, விறகை மூட்டினேன். புகை நேராக மேலே போயிற்று. அண்ணாந்து பார்த்தபடி வெகுநேரம் நின்றேன். தண்ணீர் கொதித்துப் பொங்கி அடுப்பை அணைத்தது.

பெண் பிறந்ததாகச் செய்தி வந்தது. பிள்ளைக்குத் தலை நின்ற பிறகு செசிலி திரும்பி வந்தாள். கொல்லைக்குப் போய் அந்த மூன்று கல்லையும் பார்த்தாள்.

“இத முன்னாடியே செஞ்சிருக்கலாம்ல” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நான் பிள்ளையை வாங்கிக்கொண்டேன்.

இன்றும் எங்கள் வீட்டில் நான் எதைப் பழுதுபார்க்க உட்கார்ந்தாலும், கடிகாரமோ குடையோ, பேரப்பிள்ளைகள்வரை எல்லோரும் சேர்ந்து தீர்ப்பு வாசிப்பார்கள். “கேஸ் தள்ளுபடி.” நானும் சிரிப்பேன். செசிலியும் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் அவள் மட்டும் எழுந்துபோய், அடுப்படி ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவாள்.