எகிப்து ராஜப்பனும் மாட்டாத கதவும்

ஆதிகாலத்தார் என்றொரு இனம் உண்டு, தெரியுமோ? நாற்காலியைக் கொடுத்தால் உட்கார மாட்டார்கள். அது எந்த நாகரிகத்தில் பிறந்தது என்று நம்மை நிற்க வைத்துச் சொல்வார்கள். பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவே, எல்லைப் போராட்டக் காலத்தில், இந்த இனம் பெருகிப்போயிற்று. எந்த ஊர் தமிழ் ராஜ்யத்துக்கு, எந்த ஊர் மலையாள ராஜ்யத்துக்கு என்று சண்டை நடக்கையில், யார் பாட்டன் முந்தி என்பதுதானே பேச்சு?

அமரவிளை ராஜப்பன் சாருக்கு மரவேலைதான் இலாகா. உளியைத் தொட்டது கிடையாது. எகிப்துக்காரன் ஆணியில்லாமல் கட்டில் செய்தான், லெபனான் மரத்தைக் கடல்வழியே கொண்டுவந்தான், பாபிலோனுக்கு நம் மலைத்தேக்கு போயிற்று, ஆகவே அம்பூரி மலை தமிழனுடையது என்று ஒரே மூச்சில் வந்து நிற்பார். நடுவில் சந்தேகம் கேட்டீர்களோ, சீனாவிலிருந்து தொடங்குவார்.

அன்று ரத்னபாயின் வாசலில் கதவில்லை. அவள் தம்பி ஈசாக் போராட்டத்தில் கொடி பிடித்தவன்; அவனைத் தேடிவந்த போலீஸ் உதைத்த உதையில் பழைய கதவு பெயர்ந்துவிட்டது. இப்போது அவன் உள்ளறையில் இருந்தான். கதவு ஒன்று இருந்துவிட்டால் போதும், அவர்கள் தட்டி முடிப்பதற்குள் பின்பக்கம் மரச்சீனி விளைக்குள், ஆளுயரக் கிழங்குச் செடிகளுக்கு நடுவே, இறங்கிவிடுவான். வேலாயுதன் ஆசாரி அயினிப் பலகையில் புதுக் கதவு கொண்டுவந்திருந்தார். கீல் மாட்ட வேண்டியதுதான் பாக்கி.

அந்த நேரத்திலா சார் வர வேண்டும்? வந்தவர் கீல் இரண்டையும் கையில் எடுத்துக்கொண்டார். இதெல்லாம் நேற்று வந்த சாதனம், எகிப்தில் கதவு மேலும் கீழும் நீட்டிய மரக்குடுமியில் சுழன்றது என்றார். ஆசாரி இருமிப் பார்த்தார். ரத்னபாய் கருப்பட்டிக் காப்பி கொடுத்துப் பார்த்தாள். ஒரு கையால் குடித்தார், மறு கையில் கீல். அவள் கண் கீலிலேயே இருந்தது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் தனக்கு வேதம் சொல்லித்தந்தவரின் கையிலிருந்து பிடுங்குவது எப்படி?

"சாரே, அந்தக் கீல இஞ்ச தாரும்," என்றார் ஆசாரி.

"தாறேன் வேய். சாலமோன் தேவாலயத்துக்கு வந்தாச்சு. இனி ரெண்டு வார்த்தையாக்கும்."

சாலமோன் ஒலிவ மரத்தில் இரட்டைக் கதவு போட்டுக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்தது. தட்டுவதற்குக் கதவு ஏது? நேராக உள்ளே நடந்தார்கள். ஈசாக்கைச் சட்டையைப் பிடித்து இழுத்து வண்டியில் ஏற்றினார்கள். புதுக் கதவு மாமரத்தில் சாய்ந்தபடியே இருந்தது. சாரை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

வண்டி போனதும் ரத்னபாய் அவர் முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"சாரே, அந்த எகிப்துல எவனாவது ஒரு கதவ மாட்டி முடிச்சானா?"

சார் நடையைக் கட்டினார், கீலோடு. அது இன்னும் திரும்பி வரவில்லை. போராட்டக் கூட்டங்களில் அதைத் தூக்கிக் காட்டி, ஈசாக் கைதான வரலாற்றை அவர்தான் சொல்கிறார், எகிப்திலிருந்து தொடங்கி.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். அப்படியே உங்கள் கையையும் ஒருதரம் விரித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் பேசி முடிக்கட்டும் என்று யாரோ கதவுக்குப் பக்கத்தில் காத்து நிற்கக்கூடும்.