வீட்டுக்காரம்மா சம்மதித்துவிட்டார்

வாய் இருந்தும் உருப்படியாக ஒரு வார்த்தை பேசத் தெரியாதவன் நான். அதனால் ஒரு கல்யாணமே போயிற்று.

தொண்ணூறுகளின் கடைசி. பழங்காநத்தத்தில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே ஒரு விதி: கல்யாணமாகாதவர்களுக்கு அறை வாடகையில் பாதிதான் தருவார்கள். முழு வீட்டு வாடகை குடும்பஸ்தர்களுக்கு மட்டும். கொட்டாம்பட்டியில் நான் பெண் பார்க்கப் போனபோது தேன்மொழி கேட்டதோ ஒன்றே ஒன்று. "ரூம்ல குடித்தனம் பண்ண முடியாது. தனி வீடு பாத்துருவீங்கள்ல?"

வீடு இருந்தால்தான் பெண். பெண் இருந்தால்தான் வாடகை. எப்படியோ வில்லாபுரத்தில் ஒரு வீடு அமைந்தது. பேச்சிலர் என்று தயங்கிய உரிமையாளர் அம்மாவும் ஒருவழியாக இறங்கி வந்தார். கல்யாணம் கூடி வருவதால் விதியைக் கொஞ்சம் தளர்த்துவார் என்ற நம்பிக்கையில் மேனேஜரிடம் ஓடினேன்.

"சார், வீட்டுக்காரம்மா சம்மதிச்சிட்டாங்க. இனிமே முழு வாடகை வேணும்."

"சொல்லவே இல்லையேப்பா! எப்ப முடிஞ்சது?"

"நேத்துதான் சார்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"இன்னும் சொல்லல சார். மெதுவா சொல்லிக்கலாம்."

எழுந்து வந்து கைகுலுக்கினார். "தைரியசாலிப்பா நீ!" அன்றே முழு வாடகைக்கு உத்தரவு போட்டார். (வீடு பிடித்ததற்கு எதற்குத் தைரியம் என்று யோசித்தேனா? அம்புட்டு அறிவு!) மனைவியையும் வீட்டுக்காரம்மா என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை.

மறுவாரம் என்னைப் பற்றி விசாரிக்க தேன்மொழியின் அப்பா கம்பெனிக்கு வந்திருக்கிறார். "தங்கமான பையன். வீட்டுக்குத் தெரியாமப் போன வாரந்தான் கல்யாணம் முடிச்சான்" என்று மேனேஜர் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

இது தெரியாமல், வீடு கிடைத்த சேதியோடு கொட்டாம்பட்டிக்குப் போய் நின்றேன். அவர் வாசலிலேயே மறித்தார்.

"வீட்டுக்காரம்மா சௌக்கியமா?"

"நல்லாருக்காங்க மாமா. உங்களையெல்லாம் எப்பக் கூட்டிட்டு வருவேன்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க."

"செருப்பக் கழட்டாதீங்க தம்பி. அப்படியே திரும்பிப் போயிருங்க."

ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்காமல் பஸ் ஏறினேன். பிறகு மேனேஜர் சொல்லித்தான் விஷயம் புரிந்து, ஆள்விட்டு விளக்குவதற்குள் தேன்மொழிக்கு வேறு இடத்தில் பரிசம் போட்டுவிட்டார்கள். அந்த வாசலில் வாயை மூடிக்கொண்டு திரும்பியதற்காக இன்றும் என் மேல் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு பார்த்த இடம் எதுவும் அமையவில்லை. அட்வான்ஸ் கொடுத்துவிட்ட அதே வீட்டில்தான் இருக்கிறேன். அக்கா பிள்ளைகள் போன் செய்தால் முதல் கேள்வியே, "மாமா, வீட்டுக்காரம்மா சௌக்கியமா?"தான். அக்காவும் பின்னாலிருந்து சிரிப்பாள். நானும் சிரித்துக்கொண்டே, "நல்லாருக்காங்கடா" என்பேன். போனை வைத்த பிறகு ஒரு டம்ளர் அரிசி களைந்து உலையில் போடுவேன்.