நாலாவது பாட்டில் மூச்சு விடுவதற்கு முன்

என்றும் நலத்தோடு இருக்க வேண்டிய மச்சானுக்கு,

உன் சின்னக்காவின் கணவன் எழுதுவது. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று அடுத்த வரியில் எழுதுவது முறை. அந்த வரியை மட்டும் ஞாயிற்றுக்கிழமை மாலை வரை நிறுத்தி வைத்திருக்கிறேன். நின்றுகொண்டு படிக்கிறாய் என்றால் உட்கார்ந்துகொள். பக்கத்தில் உன் மனைவி இருந்தால் வேறு அறைக்குப் போய் உட்கார்ந்துகொள்.

என் மகளின் மாமனார், அதாவது நம் சம்பந்தி, கப்பல்களில் சாப்பாட்டுக் கூடத்தை நடத்தியவர் என்பது உனக்குத் தெரியும். கரைக்கு வரும்போது மற்றவர்கள் கடிகாரமும் ரேடியோவும் வாங்கிவந்தார்கள். இவர் சில வருஷங்களுக்கு ஒரு தடவை ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் வாங்கிவந்தார். ஒன்றையும் குடிக்கவில்லை. வீட்டுக்கு அடியில் ஜன்னலே இல்லாத நிலவறையில், சுவரில் ஈரம் பூத்துக் கிடக்கும் இடத்தில், ஒவ்வொன்றின் கழுத்திலும் வருஷம் எழுதிய சீட்டைக் கட்டிப் படுக்க வைத்திருந்தார். நிமிர்த்தி வைத்தால் கார்க் மூடி காய்ந்துவிடுமாம். எழுபது வயது முடிந்ததும், இனி யாருக்காகக் காவல் காப்பது என்று தோன்றி, ஞாயிறுதோறும் மதியம் மூன்று மணிக்கு ஒன்றைத் திறப்பது என்று முடிவு செய்தார். புதுசில் தொடங்கிப் பழசுக்குப் போக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் சட்டம். எனக்குக் குடிப்பழக்கம் கிடையாது. ஆனால் சோப்புத் தொழிற்சாலையில் முப்பத்துநாலு வருஷம் காய்ச்சிய ஒவ்வொரு கலவையையும் முகர்ந்து பார்த்து "போகலாம்", "போகாது" என்று தீர்ப்புச் சொன்ன மூக்கு என்னிடம் இருக்கிறதல்லவா? "வாய் என்னோடது, மூக்கு உங்களோடது. கூட்டு வியாபாரம், சம்பந்தி, வாங்க" என்றார். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் உன் சின்னக்காவும் கூட வந்தாள்.

முதல் ஞாயிறு திறந்தது ஒன்பது வருஷத்துப் பாட்டில். அகன்ற வயிறுள்ள கண்ணாடிக் கூஜாவில் ஊற்றி நிலவறை மேஜை நடுவில் வைத்தார். நான் கிளாஸை நீட்டினேன். "அவசரப்படாதீங்க. காத்துப் பட்டு அது அரை மணி நேரம் மூச்சு விடணும்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான், நம் இருவர் அகராதியில் மூச்சு விடுவதற்கு என்ன பொருள் என்று உனக்கே தெரியும். முப்பத்தொரு வருஷத்துக்கு முன் தொழிற்சாலை வாசலில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு, "இதப் பத்தி யார்கிட்டயும் மூச்சு விடாதே" என்று சொன்னவன் நான். நீயும் விடவில்லை, நானும் விடவில்லை. ஒயின் மட்டும் மூச்சு விட்டு என்ன சொல்லிவிடப் போகிறது என்று நினைத்தேன். அரை மணி கழிந்தது. கிளாஸில் மூக்கை நுழைத்தேன். பழம் வந்தது, ஊறிய தோல் வந்தது, அதன் பின்னால் பச்சைப் பெயிண்ட் வந்தது. சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் தானாகத் திறந்து, "ஏணி சரியுது, ஜன்னல் பாதிதான் அடிச்சிருக்கு, பக்கத்துல நாயே இல்ல" என்றது. சம்பந்தி கிளாஸைக் கீழே வைத்தார். ஒன்பது வருஷத்துக்கு முன் தெருநாயைக் காப்பாற்றப் போய்க் கால் ஒடிந்தது என்று அவர் சொல்லி, நாம் எல்லோரும் பழம் வாங்கிக்கொண்டு போய்ப் பார்த்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பெயிண்டருக்குச் சொல்லிவிட்டேன் என்று வீட்டில் புளுகிவிட்டு, ஜன்னலுக்குத் தானே பெயிண்ட் அடிக்க ஏறி விழுந்தவர். இது அந்த ஜன்னலுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். "உங்களுக்கு யார் சொன்னது?" என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை என்றேன். சிரித்துச் சமாளித்துவிட்டோம்.

இரண்டாவது ஞாயிறு பதினேழு வருஷத்துப் பாட்டில். இந்தத் தடவை காத்திருக்கும்போது ஒரு சத்தம் கேட்டது. சம்பந்தி தூங்குகிறாரோ என்று பார்த்தேன். அவர் கண்ணை விரித்துக் கூஜாவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் வெளியே வரும் சத்தம். கூஜாவின் கழுத்தில் உட்பக்கமாக ஆவி படிந்தது, மறைந்தது, மறுபடி படிந்தது. "காத்துதான்" என்றார் சம்பந்தி. காற்று வர அந்த அறையில் எலி வளை கூடக் கிடையாது. எழுந்து போய்விடலாம் என்று உன் அக்காவிடம் ஜாடை காட்டினேன். அவளோ கிளாஸை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டிவிட்டாள். பூனை ரோமம், சாக்கு, டீசல். பதினேழு வருஷத்துக்கு முன் உன் அக்காவின் வெள்ளைப் பூனை ஓடிப்போய்விட்டது என்று நான் சொல்லி, அவள் மூன்று தெருவுக்குக் கிண்ணத்தில் பாலோடு அலைந்தாளே, அந்தப் பூனை. அதைச் சாக்கில் கட்டித் தொழிற்சாலை லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பிய கதையை, எத்தனை மணிக்கு என்பதோடு, நானே என் வாயால் சொன்னேன். குரல் என்னுடையது. பேசியது நான் இல்லை. வேண்டுமானால் சிரித்துக்கொள். "என் பூனைய சாக்குல கட்டினீங்களா? மூட்டையா கட்டினீங்களா?" என்று அவள் இரண்டு தடவை கேட்டாள். அன்றிலிருந்து என்னோடு நேராகப் பேசுவதில்லை. உப்பு வேண்டுமா என்பதைக் கூட, எங்கள் மாடியில் இருக்கும் உன் பெரியக்கா வழியாகத்தான் கேட்கிறாள்.

மூன்றாவது வாரம் போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சம்பந்தியே வந்து வாசலில் நின்றார். "தனியா அந்த ரூமுக்குள்ள போகப் பயமா இருக்கு சம்பந்தி. திறக்காம விடவும் முடியல" என்றார். அது இருபத்துமூன்று வருஷத்துப் பாட்டில். கார்க் பாதியில் பொடிந்து உள்ளே விழுந்தது. வண்டல் கலங்காமல் ஊற்ற, கழுத்துக்குக் கீழே மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு அவர் ஊற்ற ஊற்ற, ஒயினின் ஓரம் செங்கல் நிறத்தில் இருந்தது. அரை மணி என்ன, ஐந்து நிமிஷம் கூட ஆகவில்லை. மெழுகுவர்த்தி அணைந்தது, இந்தத் தடவை வாய் திறந்தது அவர். அவருடைய அம்மா சாகக் கிடந்தபோது தான் நடுக்கடலில் இருந்ததாக அவர் ஊருக்கெல்லாம் சொல்லியிருந்தார். உண்மையில் மூன்று தெரு தள்ளி ஒரு விடுதியில் சீட்டாடிக்கொண்டு இருந்தாராம். ஆள் வந்து கூப்பிட்டபோது, கப்பல் இன்னும் வரவில்லை என்று சொல்லச் சொல்லி அனுப்பினாராம். சொல்லி முடித்துவிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதார். எனக்கு அவர் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர வேறு ஒன்றும் தெரியவில்லை. மறுபடி முகர்ந்தபோது கிளாஸில் வெறும் ஈரமண் வாசனைதான் இருந்தது. "ரொம்பப் பழசு தாங்காது. திறந்ததும் சொல்லிட்டுச் செத்துடும்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை திறக்கப்போவது முப்பத்தொரு வருஷத்துப் பாட்டில். எந்த வருஷம் என்று கணக்குப் போடாதே, நான் போட்டுவிட்டேன். புதன்கிழமை சாப்பிடும்போது உன் சின்னக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு, "அடுத்த பாட்டில் என் கல்யாண வருஷத்துப் பாட்டிலாம்" என்றாள். காபி, டீ எதையுமே தொடாத பெரியக்கா, வெந்நீரைத் தவிர வேறு பானம் அறியாத பெரியக்கா, சாப்பாட்டுக்குத் தவிர மாடியிலிருந்து இறங்குவதே பெரிய சங்கதியாக இருக்கிற பெரியக்கா, விரல் விட்டு எண்ணினார். பிறகு, "அந்த வருஷமா? அப்போ நானும் வரேன்" என்றார். நான் பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன்.

மச்சான், நாம் செய்ததை இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகக் காகிதத்தில் எழுதுகிறேன். பெரியக்காவின் அலுவலகத்துக்குத் தட்டச்சு மிஷின் ரிப்பேர் பார்க்க வந்தவர் அவருக்கு ஒரு கடிதம் போட்டார். "புதன்கிழமை நான் ஊருக்குப் போகிறேன், விருப்பம் இருந்தால் என்னோடு வா, வராவிட்டால் இனி தொந்தரவு செய்யமாட்டேன்" என்று எழுதியிருந்தார். தபால் பெட்டிச் சாவி உன்னிடம் இருந்தது. நீ எடுத்து என்னிடம் கொண்டுவந்தாய். மூத்தவள் வீட்டைவிட்டுப் போனால் அடுத்த மாதம் நடக்க வேண்டிய என் கல்யாணம் நின்றுபோகும் என்று நாம் இருவரும் பேசினோம். பேசியது இருவர், ஆனால் பயந்தது நான். தொழிற்சாலை அடுப்பில் அதைப் போட்டதும் என் கைதான். அவர் போய்விட்டார். என் கல்யாணம் நடந்தது. பெரியக்கா எங்கள் மாடியில் இருக்கிறார். எரிந்த காகித வாசனை ஒன்று போதும், என் வாய் எல்லாவற்றையும் கொட்டிவிடும். அவர் இந்த வீட்டைவிட்டுப் போய்விடுவார். தன் கல்யாணம் எதன்மேல் நடந்தது என்று தெரிந்தால் உன் சின்னக்கா என்ன செய்வாள் என்று எனக்குத் தெரியாது. பூனைக்கே இந்தப் பாடு.

நேற்று, இரவல் வாங்கிய குடையைத் திருப்பித் தருகிற சாக்கில் சம்பந்தி வீட்டுக்குப் போய், அவர் டீ போட உள்ளே போனதும் நிலவறைக்கு இறங்கினேன். பாட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், வழியில் கை தவறிவிட வேண்டும், அவ்வளவுதான் திட்டம். எடுத்தேன். ஜில்லென்ற அறையில் அது மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி சுட்டது. என் கண் முன்னாலேயே கார்க் ஒரு நூல் அளவு உள்ளே இழுத்துக்கொண்டது. திறக்காத பாட்டில், மச்சான். மூச்சை இழுத்துக்கொண்டு காத்திருக்கிறது. அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் குடை என் கையிலேயே இருப்பது தெரிந்தது.

ஆகவே சனிக்கிழமைக்குள் புறப்பட்டு வா. பாட்டில் சொல்வதற்கு முன் நாம் இரண்டு பேரும் மாடிக்குப் போய் அவர் முன்னால் நின்று சொல்லிவிடுவோம். தனியாகப் போக எனக்குத் தைரியம் இல்லை. முப்பத்தொரு வருஷமாக இல்லாதது இரண்டு நாளில் வராது.

உன் பிள்ளைகள் நன்றாகப் படித்து, நம்மைப் போல் இல்லாமல், நேராக நிற்கிறவர்களாக வளரட்டும். உன் மனைவிக்கு என் அன்பு. பயணத்தில் தலையை வெளியே நீட்டாதே.

இப்படிக்கு,
உன் அக்காள் வீட்டுக்காரன்

பின்குறிப்பு: இன்று ஞாயிறு, மாலை ஐந்து மணி. இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்க்கும் துணிச்சல் வராமல் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். மேலே எழுதியதையெல்லாம் படிக்காததாக வைத்துக்கொள். நீ வர வேண்டியதில்லை. பாட்டிலைத் திறந்தார்கள். சம்பந்தி ஊற்றி முடிப்பதற்குள்ளேயே பெரியக்கா கிளாஸை என்னிடம் தள்ளி, "பாருங்க மாப்பிள்ளை" என்றார். எரிந்த வாசனை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கோந்து வாசனை வந்தது. கொதிக்கிற தண்ணீர், பிரித்த உறை, ஈரக் கோந்து. அப்படியே சொன்னேன். பெரியக்கா தலையாட்டினார். "ஆமா. அந்தக் கடுதாசிய தபால்காரர் என் கைலதான் குடுத்தார். ஆவில காட்டிப் பிரிச்சுப் படிச்சேன். மறுபடி ஒட்டித் தபால் பெட்டில போட்டேன். தம்பி எடுப்பான், உங்ககிட்ட கொண்டு வருவான், நீங்க விடமாட்டீங்கன்னு தெரியும்" என்றார். உன் சின்னக்காதான், "ஏன்க்கா?" என்று கேட்டாள். "போகப் பயமா இருந்துச்சுடி. நானா போகலைன்னா அது என் தப்பு. இவங்க எரிச்சா இவங்க தப்பு. இத்தனை வருஷம் இவங்க ரெண்டு பேரும் சுமந்தாங்க. நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்" என்று சொல்லிவிட்டு, என் கையிலிருந்த கிளாஸை வாங்கி, வண்டலோடு ஒரே மடக்கில் குடித்தார். உன் சின்னக்கா என்னை முறைத்துப் பார்த்தாள். அப்புறம், "குடையையாவது திருப்பிக் குடுத்தீங்களா?" என்று என்னிடமே கேட்டாள். நாங்கள் சௌக்கியம் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பெரியக்கா மேலே பெட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை காலை பத்து மணி ரயிலில் அந்தத் தட்டச்சு மிஷின்காரரின் ஊருக்குப் போய், அவர் இருக்கிறாரா இல்லையா என்று பார்த்துவிட்டு வரப்போகிறாராம். முகம் இருபத்தெட்டு வயதுக்காரி முகமாக இருக்கிறது. அந்த ரயிலை நிறுத்திப் பதினெட்டு வருஷம் ஆகிறது. அந்த மனிதர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. சோப்புக் கம்பெனி ஆள் ஒருவர் சொல்லித் தெரியும், வீட்டில் நான் சொல்லவில்லை. இப்போதும் சொல்ல வாய் வரவில்லை. உடனே புறப்பட்டு வா.